நிவாரண லாரியில் எதை ஏற்றக் கூடாது

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பெங்களூரில் கொடுப்பவர்களின் கை ஏற்கெனவே ஓய்ந்திருந்தது. மூன்று மாதங்களுக்கு முன்பு, ஆகஸ்ட்டில்தான், கேரள வெள்ளத்துக்கும் குடகு நிலச்சரிவுக்கும் இந்த நகரம் அள்ளிக் கொடுத்திருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல்களில் பெட்டி வைத்தார்கள். அலுவலகங்களில் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடப் பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்தார்கள். அதே வாசல்களில் மறுபடியும் போய் நிற்கச் சங்கடமாகத்தான் இருந்தது. தவிர, புயலுக்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு மாற்றிவிட்டார்கள் என்று முதல் நாள் செய்திகள் அரசைப் பாராட்டியதால், பெரிய சேதம் இல்லை போலிருக்கிறது என்றே பலரும் நினைத்துக்கொண்டார்கள். வேளாங்கண்ணியில் இயேசு சிலையின் கைகள் உடைந்த படம் வந்தபோதுதான் சிவாஜிநகரிலும் லிங்கராஜபுரத்திலும் இருக்கும் வேளாங்கண்ணி பக்தர்கள் சற்றுத் திடுக்கிட்டார்கள். உள்கிராமங்களில் என்ன நடந்திருக்கிறது என்பது தெரியவர இன்னும் சில நாள்கள் ஆயின. செல்போன் கோபுரங்கள் விழுந்து கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லவே அங்கிருந்தவர்களுக்கு வழியில்லை.

நான் பெங்களூரின் பீன்யாவில் ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஆலையொன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவள். துணிச் சுருள், பொத்தான், நூல், அட்டைப்பெட்டி என்று எது உள்ளே வந்தது, எது வெளியே போனது, மிச்சம் என்ன என்று கணக்கு வைப்பதுதான் என் தொழில். அல்சூர், முருகேஷ்பாளையம், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நிவாரணம் திரட்டத் தொடங்கியபோது, இந்தத் தொழில் காரணமாகவே பொருள் வாங்கி அடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தெரிந்தவர் ஒருவர் காலியாகக் கிடந்த தன் கிடங்கைத் திறந்துவிட்டார். நிவாரணப் பணி என்றதும் இடுப்பளவுத் தண்ணீரில் மூட்டை சுமக்கும் படம்தான் எல்லார் மனத்திலும் வரும். ஆனால் அந்த மூட்டை யாருக்காவது உதவுமா உதவாதா என்பது அதற்கு முன்பே, வாழைப்பழத் தோலும் டீ கிளாஸும் சிதறிக் கிடக்கும் இதுபோன்ற கிடங்கில் தீர்மானமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் வந்தவை பழைய துணிகள். வந்துகொண்டே இருந்தன. கொடுப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பலர் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் மூட்டைகளைப் பிரித்தபோது கொக்கியில்லாத ரவிக்கைகள், ஒரு கால் செருப்பு, ஜரிகை கருத்த கல்யாணப் பட்டு, குளிர்நாட்டுக் கோட்டு, காலாவதியான இருமல் மருந்து என்று எல்லாம் கலந்து வந்தன. கடலோரத்து மக்களுக்கு இது புதிதன்று. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் எடுக்காத பழைய துணிகள் குவியல் குவியலாக மழையில் நனைந்து கிடந்ததை அந்தப் பக்கத்தார் இன்றும் சொல்வார்கள். மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பிறர் உடுத்திக் கழித்த துணியை நீட்டுவது அவமானம். அந்த அவமானத்தைத் தரம்பிரிப்பதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் ஆகும் கூலியோ துணியின் விலையைவிட அதிகம். இந்தக் கணக்கைச் சொல்லி, பழைய துணி வேண்டாம் என்று கிடங்கு வாசலில் அட்டை எழுதி மாட்டினோம். நம் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளைக் கொடுத்துவிட்டுத் தானம் செய்த நிம்மதியையும் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான் என்று நான் சொன்னதற்குச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபம் தணிந்ததும் பணமாகக் கொடுத்தார்கள்.

என்ன வாங்குவது என்பதற்கு எங்களுக்கு வழி காட்டியது ஒரு நீளநோட்டு. நாகப்பட்டினம் மாவட்டத்துத் தலைஞாயிறு பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் அல்சூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மைத்துனர் ஊரில் பள்ளி ஆசிரியர். மைத்துனர் சைக்கிளில் குக்கிராமம் குக்கிராமமாகப் போய் வீடு வீடாக எழுதி, சிக்னல் கிடைக்கும் இடம் வரை வந்து பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். அந்தப் பக்கங்களைப் போல ஒழுங்கான சரக்குப் பட்டியலை நான் ஆலையில்கூடப் பார்த்ததில்லை. அடிக்கோலால் கட்டம் போட்டு, வீட்டுப் பெரியவர் பெயர், தலைக்கட்டு, கூரையா ஓடா, கூரை போய்விட்டதா, கைக்குழந்தை உண்டா, படுத்த படுக்கையாக யாரும் இருக்கிறார்களா, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர் யார் என்று எழுதியிருந்தார். குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்ட பட்டியலில் விடுபட்டுப்போகும் இரண்டு கூட்டத்தை அவர் தனியாகக் குறித்திருந்தார்: ஒரே அட்டையில் பெயர் இருந்தாலும் கல்யாணத்துக்குப் பின் தனி அடுப்பு வைத்துவிட்ட பிள்ளைகள், அட்டையே வேறு ஊரில் இருக்க உப்பளத்தில் கூலிவேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். வெளியூரிலிருந்து போகும் யாருக்கும் இந்த இரண்டு கூட்டமும் கண்ணில் படாது. உள்ளூரில் இப்படி ஒருவர் கிடைக்கும்வரை லாரியைக் கிளப்பக் கூடாது என்பது அதன்பிறகு எங்களுக்குள் எழுதப்படாத சட்டமானது.

நோட்டின்படி முதல் தேவை அரிசி அன்று, தார்ப்பாய். புயலடித்து ஒரு வாரத்துக்குள் டெல்டாவில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. கீற்றுக் கூரை பறந்த வீட்டில் மண்சுவர் மட்டும் நிற்க, அதுவும் நனைந்து கரையத் தொடங்கியிருந்தது. எஸ்.ஜே.பி. ரோட்டில் தார்ப்பாய் வாங்கப் போனால் பளபளவென்று மெல்லிய நீல நிறப் பாய்களைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். விலை மலிவு, ஒரே பணத்தில் இரண்டு மடங்கு எண்ணிக்கை வரும், படமெடுத்துப் போடவும் எடுப்பாக இருக்கும். ஆனால் துணியோடு பழகிய கைக்கு அதன் லட்சணம் ஒரு பிடியில் தெரிந்துவிடும். ஓரத்தைத் தைக்காமல் வெறுமனே ஒட்டியிருப்பார்கள். கயிறு கோக்கும் வளையத்தைச் சுற்றி மடிப்பு இருக்காது. இரண்டு நாள் காற்றில் வளையம் பிய்ந்து, பாய் கொடியில் காயும் சேலைபோலப் படபடத்துக் கிழிந்துவிடும். எடை கூடிய, ஓரத்தில் கயிறு வைத்து மடித்த பாய்களைக் குறைந்த எண்ணிக்கையில் வாங்குவோம் என்றேன். எண்ணிக்கை குறைந்தால் பாதி வீட்டுக்கு என்ன சொல்வது என்று குழுவில் பெரிய வாக்குவாதம். கிழியும் பாயை எல்லார்க்கும் கொடுப்பதைவிட, கூரை முழுக்கப் போன வீடுகளுக்கு நிற்கும் பாயைக் கொடுப்பது மேல் என்ற பக்கம்தான் கடைசியில் வென்றது. பாயோடு கட்டுக் கயிறும் வைக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர்தான் நினைவூட்டினார்; புயலடித்த ஊரில் கயிறு விற்கும் கடை எங்கே திறந்திருக்கும்?

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒன்பது டன் ஏற்றும் லாரியில் தண்ணீரை நிரப்பினால் ஒன்பதாயிரம் லிட்டர்தான் போகும், வேறு எதற்கும் இடமிருக்காது. கிராமத்து மேல்நிலைத் தொட்டி ஒன்று சாதாரணமாக முப்பதாயிரம் லிட்டர் கொள்ளும். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் அங்கேயே இருக்கின்றன, இல்லாதது மின்சாரம் மட்டும்தான். வாடகைக்கு ஒரு ஜெனரேட்டரும் சில மணி நேரத்துக்கான டீசலும் போனால் மூன்று லாரித் தண்ணீருக்கு மேல் ஒரே முறையில் ஏறிவிடும். காலி பாட்டில்களை அள்ளும் வேலையும் இல்லை. ஜெனரேட்டர் நிற்கும் இடத்தில் செல்போன் சார்ஜ் போட ஊரே கூடிவிடும் என்பதால், நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டிகளையும் சேர்த்து அனுப்பினோம். அந்த நாள்களில் அரிசியைவிட அதற்குத்தான் வரிசை நீண்டது.

நோட்டில் இல்லாத ஒன்றும் இருந்தது. எழுதியவர் ஆண், கேட்கப்பட்டவர்களும் பெரும்பாலும் வீட்டு ஆண்கள் என்பதால் சானிட்டரி நாப்கினும் உள்ளாடையும் அதில் வரவேயில்லை. முகாமில், ஒரே பள்ளிக்கூட வகுப்பறையில், நூறு பேரோடு தங்கியிருக்கும் பெண் அதை யாரிடம் போய்க் கேட்பாள்? ஆசிரியரின் மனைவியிடம் போனில் பேசி, வயதுவாரியாக ஒரு கணக்கெடுத்தோம். நைட்டி, உள்பாவாடை, நாப்கின், ஒரு துண்டு, சோப்பு, கொசுவத்தி, தீப்பெட்டி ஆகியவற்றைக் கறுப்புப் பையில் கட்டி, பெண்களே பெண்களுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. எங்கள் ஆலையில் தையல் பிரிவுப் பெண்கள் ஷிப்ட் முடிந்ததும் கிடங்குக்கு வந்து இந்தப் பைகளைக் கட்டித் தந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கன்னடத்துக்காரர்கள். வேதாரண்யம் எங்கே இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாளே தவிர, யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை.

லாரி ஓசூர் ரோட்டில் ஏறி, அத்திப்பள்ளியைத் தாண்டி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் என்று இறங்கும் வழி எல்லார்க்கும் தெரிந்ததுதான். 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு போக இ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டு வேண்டும் என்பதால், கடையில் வாங்கியவற்றுக்கு ரசீதோடு அதையும் எடுத்துக்கொண்டோம். நன்கொடையாக வந்தவற்றுக்குப் பட்டியலும் கடிதமும். இந்தக் காகித வேலையை அலுப்பாக நினைப்பவர்கள் நள்ளிரவில் சாலையோரத்தில் நின்று யாரையாவது போனில் எழுப்பிக்கொண்டிருப்பார்கள்.

மன்னார்குடி தாண்டித் திருத்துறைப்பூண்டி போகும்போதே சாலையில் மக்கள் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். சிலர் கைகாட்டினார்கள், சிலர் மறித்தார்கள். கோபத்துக்குக் காரணம் இருந்தது. மின்சாரமும் குடிநீரும் அதிகாரிகளும் வராத ஊர்களில் மறியல் நடந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்களே எரிக்கப்பட்டிருந்தன. சாலையோரத்தில் நின்றவர்களும் பொய் சொல்லவில்லை, அவர்களும் இழந்தவர்கள்தாம். ஆனால் முதல் கூட்டத்தைப் பார்த்து இரங்கிப் பாதையிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் திரும்பிய வாகனங்கள் அந்த வாரம் ஏராளம். எங்கள் வண்டி நின்ற ஓரிடத்தில், தலையில் விறகுக்கட்டோடு வந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "ரோட்டு மேல இருக்கவங்களுக்கு அஞ்சாறு வண்டி வந்துடுச்சு தங்கச்சி. உள்ள இருக்கவங்க மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. நீங்களும் இங்கயே எறக்கிட்டுப் போயிடாதீங்க" என்றார். அவர் எந்த ஊர் என்று கேட்டேன். "ரோட்டு மேலதான்" என்று சிரித்தார். லாரி நுழையாத சாலைகளுக்கு ஆசிரியர் ஏற்கெனவே டிராக்டர் ஏற்பாடு செய்திருந்தார். இரவில் வினியோகம் கூடாது, முந்தின நாளே வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்துவிட வேண்டும், சீட்டு இருப்பவர் வராவிட்டால் பொருள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பவை அவர் வைத்த நிபந்தனைகள். நாங்கள் அவர் சொன்னபடி தூக்கினோம், வைத்தோம்.

எங்களோடு வந்தவர்களில் உண்மையிலேயே அந்த ஊருக்குத் தேவைப்பட்டவர்கள் என்று நான் சொல்வது தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் ஒப்பந்தத்துக்கு மரம் வெட்டும் ஐந்தாறு பேரைத்தான். அவர்கள் தங்கள் மெஷின் ரம்பங்களைத் தாங்களே கொண்டுவந்தார்கள். சாய்ந்து கிடக்கும் மரத்தை அறுப்பது நிற்கும் மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்த கணத்தில், பாரம் குறைந்த வேர்க்கட்டை மண்ணோடு விருட்டென்று நிமிர்ந்து பழைய குழியிலேயே உட்காரும். பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் அவ்வளவுதான். கூட்டத்தலைவர் மரத்தைத் தொடுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் சுற்றி வந்து, எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே ஊன்றி நிற்கிறது, அடியில் மின்கம்பி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். "அவசரப்பட்டா மரம் நம்மள அறுத்துடும்மா" என்பார். தென்னை அவர்களையும் திணறடித்தது. நார் சிக்கிச் சங்கிலியின் பற்கள் சீக்கிரம் மழுங்கின. அரைமணிக்கொருமுறை நிழலில் உட்கார்ந்து, மெல்லிய உருட்டு அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே திசையில் இரண்டு இழுப்பு, பிறகு சங்கிலியைத் திருப்பி மறுபுறப் பற்களுக்கு இரண்டு இழுப்பு என்று தீட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலும் உதிரிச் சங்கிலியும் எங்கள் பட்டியலில் இல்லாதவை. திருத்துறைப்பூண்டிக் கடைகளில் இருந்தவற்றை வேறு குழுக்கள் வாங்கித் தீர்த்துவிட்டிருந்தன. தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பி வாங்கிவர வேண்டியிருந்தது.

மின்வாரிய ஊழியர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்திருந்தார்கள், கேரளத்திலிருந்துகூட. வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து நடந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஜெனரேட்டரைப் பார்த்ததும் முதலில் கேட்டது, அதை வீட்டு வயரிங்கில் இணைத்திருக்கிறீர்களா என்பதுதான். மெயின் சுவிட்சை அணைக்காமல் இணைத்தால் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, செத்த கம்பி என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரைக் கொன்றுவிடும். மோட்டாரை நேரடியாக ஜெனரேட்டரில் மட்டும் இணைக்க வேண்டும் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். நல்லெண்ணத்தோடு வந்த ஜெனரேட்டர்கள் அந்த மாதம் எத்தனை இருந்தனவோ, அத்தனை இடங்களிலும் இப்படிக் கேட்க ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்வதால் என் குழுவிலேயே சிலருக்கு வருத்தம் உண்டு என்றாலும் சொல்கிறேன்: நேரில் போக விரும்புகிறவர்களில் பாதிப் பேர் போகத் தேவையில்லை. மரம் அறுக்கத் தெரிந்தவர், எலக்ட்ரீஷியன், செவிலியர், கால்நடை மருத்துவர், கணக்கெழுதுபவர், நல்ல ஓட்டுநர், பெண்களிடம் பேசப் பெண்கள் ஆகியோர் போதும். மற்றவர்களுக்கு அந்த ஊர் சோறு போட வேண்டும், படுக்க இடம் தர வேண்டும், கழிப்பறை காட்ட வேண்டும். எங்களோடு வந்தவர்கள் எல்லாரும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டு, தங்கள் சாப்பாட்டுக்கான அரிசியையும் அடுப்பையும் கொண்டுபோனார்கள். அப்படியும் ஒரு வீட்டில் உடைந்த முட்டுச்சுவரில் சாய்ந்து நின்று, மிச்சமிருந்த கருப்பட்டியில் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத காப்பி அது.

அரிசியும் பாயும் தீர்ந்தபின் வந்த தேவைகளுக்குத்தான் பணம் திரட்டுவது கடினமாக இருந்தது. வேதாரண்யத்தின் உப்பளங்களில் சேறு படிந்துவிட்டது. தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் அதிகம் உப்பு விளையும் இடம் அது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த கடற்கரை. பாத்திகளை மீண்டும் சீர்செய்யும்வரை அங்கே கூலி வேலை கிடையாது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. ஒரு தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தண்டைத் துண்டாக்கி, வேர்க்கட்டையைப் பொக்லைன் வைத்துப் பெயர்த்து, அப்புறப்படுத்தவே இது போதவில்லை என்று விவசாயிகள் சொன்னார்கள். அப்புறப்படுத்தாமல் விடவும் முடியாது. மட்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தை அது துளைக்கும். காயம்பட்ட மரத்தில் சிவப்புக் கூன்வண்டு ஏறும். புயல் விட்டுவைத்ததை வண்டு எடுத்துக்கொள்ளும். நாட்டு ரகக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள்.

தை பிறந்தபின் ஆசிரியர் போன் செய்து, இனி பொருள் எதுவும் அனுப்ப வேண்டாம், கட்டை அகற்ற ஊர் ஆட்களுக்கே கூலி கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஒரே வேலையில் தோப்பும் சுத்தமாகும், உப்பளக் கூலிகளுக்குச் சம்பளமும் கிடைக்கும். கையிருப்பில் இருந்த பணத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கினோம். கூலிப் பட்டியலைக் கைநாட்டும் கையெழுத்துமாகப் படமெடுத்து, கொடுத்தவர்கள் எல்லார்க்கும் அனுப்பினேன். சிலர் நன்றி சொன்னார்கள். வேறு சிலர், பொருள் கொடுக்கும் படம் இல்லையா, எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்றார்கள். பெயர்த்துப் போட்ட வேர்க்கட்டையின் படம் ஒன்றை அனுப்பினேன், அது எடுபடவில்லை.

மீதிப் பணம் கன்று வாங்குவதற்காக வங்கியில் கிடந்தது. கட்டையெல்லாம் அகற்றி, குழி வெட்டி ஆறப்போட்டு, மழை பார்த்துத்தான் கன்று வைக்க வேண்டும், அதற்கு முன் வாங்கினால் நாற்றங்காலிலிருந்து வந்த கன்று வீட்டு வாசலில் காய்ந்து போகும் என்று ஆசிரியர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். சித்திரையில் எங்கள் குழுவின் கணக்கை வாசித்தபோது, புயல் நிதி இன்னும் ஏன் செலவாகவில்லை என்று ஒருவர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்விதான். குழி இன்னும் வெட்டி முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தை வாசித்தேன்.